பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னேன்

என் இடத்தில் இப்போது கணக்கு எடுக்கும் டீச்சர் போன வாரம் போன் செய்தார். வகுப்பறை எப்படி இருக்கிறது என்று பிள்ளைகளிடமே கருத்துக் கேட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்களாம். "நீங்க ஒரு தடவ செஞ்சீங்களாமே, எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார். போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாலு நாள் பேனாவைத் தொடவில்லை. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பிப்ரவரி இன்னமும் என்னை விடவில்லை.

நான் இயல்பிலேயே பயந்தவள். அருப்புக்கோட்டையில் பாத்திரக் கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. மதுரையில் படித்தேன், பி.எட். முடித்தேன், வேலை கிடைத்தது. இரண்டு மூன்று ஊர் மாறி, கடைசிப் பதினான்கு வருடம் திருச்சுழிக்குத் தெற்கே ஓர் உயர்நிலைப் பள்ளி. காலை ஏழே கால் பஸ். பஸ் வராவிட்டால் பயம், வந்துவிட்டால் பாடக்குறிப்பு நோட்டை எடுத்தேனா என்று பயம். "நீ பாடம் நடத்தப் போறியா, பரிச்சை எழுதப் போறியா?" என்று வீட்டுக்காரர் தினமும் கேலி செய்வார். மார்ச் மாதம் வந்துவிட்டால் அவரும் கேலியை நிறுத்திவிடுவார். அவ்வளவு மோசமாக இருப்பேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்பை இரண்டாகப் பிரிப்பது எங்கள் பள்ளி வழக்கம். கணக்கில் முப்பத்தைந்தைத் தொடாதவர்களை 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியலில் எழுதி, கடைசிப் பாடவேளையிலும் மாலைச் சிறப்பு வகுப்பிலும் தனியாக உட்கார வைப்போம். அவர்களுக்கு ஒதுக்கிய இடம் சத்துணவுச் சமையலறையை ஒட்டிய அறை. ஒரே ஜன்னல், அதுவும் சமையலறைப் பக்கம். அந்த வருடம் ஒன்பது பேர். பிள்ளைகள் அதற்குக் 'கடைசி ரூமு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அங்கே முழுப் பாடத்தையும் நடத்துவதில்லை. வடிவியலில் ஒரு முக்கோணம், வரைபடத்தாளில் ஒரு கிராப். இந்த இரண்டும் பரீட்சையில் கட்டாயம் வரும், மார்க்கும் அதிகம். அதையே திரும்பத் திரும்பப் போட வைப்போம். அதோடு கொஞ்சம் ஒரு மார்க் வினாக்கள். எப்படியாவது தட்டித் தடவிப் பிள்ளை கரையேறிவிடும் என்பது கணக்கு. வேறு எதையாவது ஒரு பிள்ளை கேட்டால், "அது உனக்கு வராது, விடு, இதப் போடு" என்பேன். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. நேரம் போய்க்கொண்டிருக்கிறதே என்ற பதற்றம்தான்.

அந்த வருடம் ஜனவரியில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். வகுப்பறையைப் பிள்ளை எப்படிப் பார்க்கிறதோ அது அதன் மார்க்கில் தெரியும், அதனால் முதலில் பிள்ளைகளிடம் கேளுங்கள் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். மார்க் படித்தால் வரும், ஜன்னலைப் பார்த்தா வரும் என்று பக்கத்தில் இருந்த டீச்சரிடம் முணுமுணுத்துவிட்டு டீயைக் குடித்தேன். ஆனால் ஆளுக்கொரு அறிக்கை எழுதித் தர வேண்டும் என்று முடித்தார்கள். அறிக்கை என்றால் எனக்குப் பயம். அன்றைக்கே உட்கார்ந்து பத்துக் கேள்வி எழுதி, அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன்.

உன் இடத்திலிருந்து கரும்பலகை தெரிகிறதா, சந்தேகம் கேட்க முடிகிறதா, நீ தேறுவாய் என்று டீச்சர் நம்புகிறாரா, இப்படிப் பத்து. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று ஒரு டிக். அடியில், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுத நான்கு கோடு இடம். மதியத்துக்கு மேல் வகுப்பு முழுவதற்கும் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம், நம்பர் எழுத வேண்டாம், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது, மனதில் பட்டதை எழுதுங்கள் என்று மூன்று முறை சொன்னேன்.

அவர்கள் எழுதி முடித்ததும், இத்தனை வருடமாக விடைத்தாள் வாங்குவது போலவே வாங்கினேன். "ஒண்ணாம் நம்பர்லருந்து வரிசையா கொண்டாங்க" என்றேன். பிள்ளைகளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பழகியபடி வரிசை எண்ணில் ஒவ்வொருவராக வந்து, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்தார்கள். முதலில் பையன்கள், பிறகு பெண்கள், வருகைப் பதிவேட்டில் இருப்பது போலவே. ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். நூல் கோத்துக் கட்டி, தலைமையாசிரியர் மேஜையில் வைத்துவிட்டு சாயங்கால பஸ்ஸுக்கு ஓடினேன்.

எங்கள் தலைமையாசிரியர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. போட்டால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் பச்சை மையில் பெயரை மட்டும் எழுதி அனுப்புவார். உள்ளே போனால் நிமிர்ந்து பார்க்க மாட்டார். கையிலிருக்கும் தாளை முடித்து, பேனாவை மூடி, அதை மேஜை விளிம்புக்கு நேராக வைத்த பிறகுதான் "உக்காருங்க டீச்சர்" என்பார். அந்த இடைவெளியில் நான் செய்த தப்பு, செய்யாத தப்பு எல்லாம் எனக்கு ஞாபகம் வந்துவிடும். அவருக்கும் அவர் கவலை இருந்தது. மாவட்டக் கூட்டத்தில் தேர்ச்சி குறைந்த பள்ளிக்காரர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். முந்தைய வருடம் அவர் நின்றிருந்தார். திரும்பி வந்து இரண்டு நாள் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கவில்லை என்று அலுவலக உதவியாளர் எங்களிடம் சொன்னார்.

மறுநாள் காலை எனக்குச் சீட்டு வந்தது. பேனா மூடப்பட்டது, நேராக வைக்கப்பட்டது. கட்டை ஒரு தாளில் விரித்து என் பக்கம் தள்ளினார். பென்சிலால், வேண்டுமென்றே இடப்பக்கம் சாய்த்து எழுதியிருந்தது.

"கடைசி ரூம்ல முக்கோணமும் கிராப்பும் மட்டும்தான். வேற கணக்கு கேட்டா உனக்கு வராது விடுன்னு டீச்சர் சொல்றாங்க. உள்ள வர்றதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு பெருமூச்சு விட்டுட்டுத்தான் வர்றாங்க. அதக் கேட்டா எனக்குத் தெரிஞ்ச கணக்கும் மறந்து போகுது."

வாசலில் நின்று பெருமூச்சு விடுகிறேன் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அந்த நிமிடம் வந்தது கோபம்தான், பொய் சொல்லவில்லை.

"கஷ்டப்பட்டுச் சொல்லித் தர்றீக. உங்களப் பத்தி இப்படி எழுதலாமா? யாருண்டு பாத்துருவோம் டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். எனக்காகத்தான் பேசினார். இன்றுவரை என்னை அறுப்பது அதுதான். கையெழுத்து தெரிகிறதா என்று கேட்டார். கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகளின் எண்கள்தான் தெரியும், எழுத்து அவ்வளவாகத் தெரியாது. தெரியவில்லை என்றேன். அவர் வருகைப் பதிவேட்டை விரித்தார். முதல் பெயருக்கடியில் ஸ்கேலை வைத்தார். கட்டில் ஒரு தாள் திருப்பினால் பதிவேட்டில் ஸ்கேலை ஒரு பெயர் கீழே இறக்குவது. அவசரமே இல்லை. இருபத்தேழாவது தாள் அந்தப் பென்சில் தாள். ஸ்கேல் பாண்டிச்செல்வி என்ற பெயரில் நின்றது. கடைசி ரூமில் இருக்கும் ஒன்பது பேரில் ஒருத்தி.

"வரிசை பொய் சொல்லாது டீச்சர்" என்றார்.

பாண்டிச்செல்வி நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊரிலிருந்து வருகிறவள். அப்பா கரிசல் காட்டில் கொத்தமல்லியும் மிளகாயும் போடுகிறவர். அவளைக் கூப்பிட்டுக் கேட்டபோது "நான் எழுதல சார்" என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை கேட்டதும் தரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள். அந்த மௌனத்தை அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியாயிற்று. அடுத்த நாள் அவர் வந்தார். வராந்தாவில் நிற்க வைத்து, அந்த நாலு வரியையும் தலைமையாசிரியர் நிதானமாக வாசித்துக் காட்டினார். டீச்சர்களும் பிள்ளைகளும் குறுக்கே நடந்துகொண்டிருந்தார்கள். வாசித்து முடித்ததும் அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மன்னித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பை வகுப்பிலேயே இருந்தது.

அன்று மாலை பஸ்ஸில் என் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டொரு நாள் முன்பு மதிய இடைவேளையில் பையனை அனுப்பி வைத்ததற்கு நன்றி சொன்னார். தம்பி மகளுக்குக் காதுகுத்தாம், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். எந்த நாள் என்று கேட்டேன். நான் தாள் கொடுத்து எழுதச் சொன்ன அதே நாள்.

அந்தப் பையன் பதிவேட்டில் பதினோராம் எண். அவனைப் போகச் சொன்னது நான்தான். ஆனால் பதிவேட்டில் அவன் மதியமும் வந்ததாகத்தான் இருக்கும். ஏனென்றால் மதிய வருகையையும் காலையிலேயே போட்டுவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. இப்போது எல்லாம் செல்போனில் போடுகிறார்கள், அப்போது பதிவேடு மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும், அறிக்கை எழுதுவதற்காக வாங்கி வந்திருந்த கட்டை எடுத்து எண்ணினேன். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். தாள் முப்பத்தேழு. பதினொன்றுக்குக் கீழே எல்லாமே ஒன்று தள்ளிப் போயிருந்தது. பாண்டிச்செல்வியின் தாள் அந்தப் பென்சில் தாளுக்கு முந்தையது. அதில் பத்துக் கேள்விக்கும் 'ஆம்' டிக். அடியில், "நன்றாக உள்ளது" என்று மட்டும் எழுதியிருந்தது. பென்சில் தாள் அவளுக்கு அடுத்த எண்ணுடையது. பொன்மாரி. அவளும் கடைசி ரூம்தான்.

மறுநாள் காலை நேராகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவர் ஸ்கேலை எடுத்து ஒரு பெயர் கீழே நகர்த்துவார். பாண்டிச்செல்வியை மீட்கப் போய்ப் பொன்மாரியைப் பிடித்துக் கொடுத்ததாகும். பெயர் தெரியாது என்று பிள்ளைகளிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறேனே. இந்தக் காரணம் உண்மை. பொய் வருகை போட்டதற்கு மெமோ வரும் என்ற பயமும் உண்மை.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். மூன்று நாளும் பாண்டிச்செல்வி வரவில்லை. காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அவள் ஊர்ப் பாதையைப் பார்ப்பேன். வழிபாட்டுக் கூட்டத்தில் அவள் நிற்கும் இடத்தைப் பார்ப்பேன். பரீட்சைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது, இருபத்தொன்று ஆனது, இருபது ஆனது. வீட்டில் உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன். என்ன ஆச்சு என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

நாலாம் நாள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் ஊருக்குப் போனேன். காட்டில் மல்லி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பாண்டிச்செல்வி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் குனிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த செடியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள், வகுப்பில் எழுந்து நிற்பது போலவே. அவள் அப்பாவிடம், உங்கள் மகள் எழுதவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"பள்ளிக்கொடத்து வராந்தாவுல நிக்க வச்சு வாசிச்சாகள்ல, அவுக வந்து சொல்லட்டும் டீச்சரம்மா. அப்ப அனுப்புறேன். இல்லேண்டா மல்லி கெடக்கு, அதுக்குப் பெறகு மொளகா வத்தல் இருக்கு, வேலைக்கா பஞ்சம்" என்றார்.

பாண்டிச்செல்வி என்னை வரப்பு வரை கொண்டுவந்து விட்டாள். தாளில் என்ன போட்டாய் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆம் என்றுதான் போட்டேன் என்றாள். தேறுவாய் என்று டீச்சர் நம்புகிறாரா என்ற கேள்விக்குமா என்று கேட்டேன். அதற்கும்தான் என்றாள். நெசமாகவே அப்படி நினைக்கிறாயா என்றேன்.

"நீங்கதான டீச்சர் வாசிப்பீக. எதுக்கு உங்கள வருத்தப்பட வச்சுக்கிட்டு" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். கண்டக்டர் சில்லறைகூடக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தக் கட்டின் நூலை அவிழ்த்தேன். முப்பத்தேழு தாளையும் மேஜையில் பரப்பி, முன்னுக்குப் பின்னாகக் கலைத்து, திரும்பக் கட்டினேன். காலையில் கட்டை எடுத்துக்கொண்டு, சீட்டு வராமலேயே தலைமையாசிரியர் அறைக்குள் போனேன். மதிய வருகையைக் காலையில் போட்டதையும், பதினோராம் எண் மதியம் இல்லாததையும், பாண்டிச்செல்வி எழுதவில்லை என்பதையும் சொன்னேன். எத்தனை நாளாக இப்படி வருகை போடுகிறீர்கள் என்று கேட்டார். ரொம்ப நாளாக என்றேன். அவர் கட்டைப் பிரித்தார். பதிவேட்டை விரித்தார். ஸ்கேலை எடுத்தார்.

"சார், அது கலஞ்சு போச்சு" என்றேன்.

"எப்படிக் கலஞ்சுச்சு?"

"நான்தான் கலச்சேன்."

ஸ்கேலைக் கீழே வைத்தார். "அப்ப யாருண்டு உங்களுக்குத் தெரியும்" என்றார்.

"தெரியாது சார்."

அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன ஒரே பொய் அதுதான். நம்பவில்லை என்பது தெரிந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குள் விளக்கம் கேட்டு எனக்குப் பச்சை மையில் மெமோ வந்தது. நான் பதில் எழுதினேன். அது கோப்பில் போனது. ஆனால் அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று மாலையே அலுவலக உதவியாளரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அந்தக் காட்டுக்குப் போயிருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்று, வேலையாட்கள் காதுபட, தப்பு எங்கள் மேல், பிள்ளையை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். பாண்டிச்செல்விதான் என்னிடம் சொன்னாள்.

அவள் திரும்பி வந்ததும் எனக்கு வேறு யாரும் கண்ணில் படவில்லை. முன் வரிசையில் உட்கார வைத்தேன். சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். முக்கோணம், கிராப் தாண்டி வேறு கணக்கும் போட வைத்தேன், அவளுக்கு வந்தது. கடைசி ரூம் வாசலுக்கு வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே நுழைவேன். என்னவோ பெரிதாகத் திருந்திவிட்டதாக எனக்கே ஒரு நினைப்பு.

பொன்மாரி பின் வரிசையில் இருந்தாள். அவள் பக்கம் நான் திரும்பவே மாட்டேன். திரும்பினால் எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுமோ, மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமோ, தலைமையாசிரியர் வராந்தாவில் போகும்போது பார்த்துவிடுவாரோ என்று பயம். ஒருநாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கே வந்தாள். இருபடிச் சமன்பாட்டில் ஒரு சந்தேகம். அவளுக்கு மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் எல்லோரும் கவனிப்பார்களே என்று தோன்றியது. "அப்பறம் பாப்போம், போய் உக்காரு" என்றேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அவள் ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு ஒரு நிம்மதி.

ரிசல்ட் வந்த அன்று பாண்டிச்செல்வி கணக்கில் நாற்பத்தொன்று. வகுப்பில் ஒரே ஒரு ஆள் தேறவில்லை, என் பாடத்தில் மட்டும். பொன்மாரி, இருபத்தொன்பது.

மதிப்பெண் பட்டியல் வாங்க அவள் தனியாகத்தான் வந்தாள். நான் கொடுக்கிற இடத்தில் இருந்தேன். ஜூனில் துணைத் தேர்வு இருக்கிறது, அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்கு வா, உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்றேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. அவள் பட்டியலை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்தத் தாள நான்தான் டீச்சர் எழுதுனேன்" என்றாள்.

"தெரியும்மா."

"எப்பத்துலருந்து?"

"மொதல்லருந்தே தெரியும்" என்றேன். அவளை எவ்வளவு கவனமாகப் பாதுகாத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. "நீங்க எம்பக்கம் திரும்பாதப்பல்லாம், உங்களுக்குத் தெரியலேண்டு நெனச்சுத்தான் டீச்சர், நான் மனசத் தேத்திக்கிட்டேன்" என்றாள்.

பட்டியல் வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கும் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே விரலை வைத்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.